முகப்பை இடிக்க மாட்டேன், பாப்பா

பாப்பா,

இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இருப்பதை நேற்று போனிலேயே சொல்லிவிட்டாய். அதனால் நலம் விசாரிப்பதை இத்தோடு நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டு முகப்பை நான் இடிக்க மாட்டேன். அடுத்த மாதம் நடக்கப்போகிற உன் கல்யாணத்துக்காகக்கூட இடிக்க மாட்டேன். இதைப் போனில் சொன்னால் எனக்குக் குரல் ஏறிவிடும். நீயும் ‘சரி நைனா, மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்’ என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, படித்துத்தான் ஆக வேண்டும். எட்டாவது வரை படித்த கொத்தனார் எழுதுகிற கடிதம் இது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

மாடியில் கட்டுகிற புது அறைக்கு நீ வரைந்து அனுப்பிய முகப்பை நானும் அம்மாவும் பார்த்தோம். சாம்பல் நிறத்தில் ஒரு சுவர், நீளமாக ஒரு ஜன்னல், வேறொன்றும் இல்லை. அதற்குப் பொருத்தமாகக் கீழேயும் இரண்டு தூண்களைச் செதுக்கித் தள்ளிவிட்டு, சன்ஷேடுக்கு மேலே இருப்பதையெல்லாம் கொத்தி, சமமாகப் பூசிவிடச் சொல்கிறாய். ‘எல்லாம் ஒரே கூட்டமா இருக்கு நைனா, கண்ணுக்கு ரெஸ்டே இல்ல. அந்தத் தூணுக்குக் கீழ முட்டைக்கோஸ் மாதிரி ஒண்ணு இருக்கே, அது இன்னா? மாப்ள வூட்டுக்காரங்க வாசல்ல நின்னு போட்டோ எடுப்பாங்க’ என்று சொல்லிச் சிரித்தாய். உன் படத்தை அம்மாவிடம் காட்டினேன். போனைத் தள்ளிப் பிடித்தாள், கிட்டே வைத்தாள், கடைசியில் சொன்னாள்: “நல்லாத்தான் கீது. ஆனா இன்னும் மிச்ச வேலை பாக்கி கீற மாதிரி கீது.” இருபத்தைந்து வருடமாகச் சித்தாளாக எனக்குக் கலவைச் சட்டி எடுத்துக் கொடுத்தவள் அவள். அவள் வாயில் விழுந்து எழுந்தால்தான் எந்தச் சுவரும் சுவர்.

அதே போனில் இன்னொன்றும் சொன்னாய். வீடுகளுக்குப் படம் வரைகிற உன் ஆபீசில் உனக்கு ஒன்றுமே தோன்றமாட்டேன் என்கிறது, மேனேஜர் புதுசாகக் கொடு கொடு என்கிறார், எல்லோரும் போனில் வெளிநாட்டு வீடுகளைப் பார்த்து எடுத்துக்கொள்கிறார்கள், நீயும் அப்படித்தான், இந்த மாடிப் படமும் அப்படி எடுத்ததுதான் என்றாய். நீ இரண்டையும் தனித்தனி விஷயமாகச் சொன்னாய். எனக்கு இரண்டும் ஒரே சங்கதியாகத்தான் படுகிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் காலனியில் இருப்பதெல்லாம் கவர்மெண்ட் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுகள். உனக்குத் தெரிந்ததுதான். எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு, ஒரே ஜன்னல், வாசலுக்கு மேலே பெயிண்டில் ஒரு நம்பர். குடித்துவிட்டு வருகிறவன் அடுத்த வீட்டில் போய்ப் படுத்துக்கொண்ட கதையெல்லாம் உண்டு. அப்போது நான் காவாந்தண்டலத்துப் பக்கம் ஒரு நிலக்காரர் வீட்டுக்கு முதல்முறையாக எலிவேஷன், அதாவது முகப்பு வேலை செய்தேன். அதுவரை வெறும் பூச்சு வேலைதான். வாசலுக்கு மேலே பெரிய தாமரை, இரண்டு பக்கமும் கொடி. அவருக்கு ரொம்பப் பிடித்தது. எனக்கும் பிடித்தது. மிச்சமான சிமெண்டைக் கேட்டு வாங்கி வந்து, அதே தாமரையைக் கொஞ்சம் சின்னதாக நம் வீட்டு நம்பருக்கு மேலே போட்டேன். நீ அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாய்.

பத்து நாள்கூட ஆகவில்லை. அந்த நிலக்காரர் காலனி முனையில் வண்டியை நிறுத்தி, உள்ளே வராமல், ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். போய் நின்றேன். “ஏன்டா, எங்க வூட்டுல கீற பூவு உன் வூட்டுல இன்னாத்துக்கு? நாளைக்கு ரெண்டு வூட்டையும் ஒண்ணா வெச்சிப் பேசமாட்டானுங்க?” என்றார். கத்தவில்லை. வண்டியில் இருந்து இறங்கவும் இல்லை. நான் “சரிங்க” என்றேன். மறுநாள் நீ பள்ளிக்கூடம் போனதும் உளியும் சுத்தியும் எடுத்து, நான் போட்ட தாமரையை நானே கொத்தி எடுத்தேன். மத்தியானத்துக்குள் சுவர் பழையபடி ஆகிவிட்டது. சாயந்திரம் வந்து “பூ எங்க நைனா?” என்று கேட்டாய். கலவை சரியில்லை, உதிர்ந்துவிட்டது என்று சொன்னேன். அது பொய். இருபது வருடமாக அதை உன்னிடம் பொய்யாகவே வைத்திருந்தேன், இப்போது சொல்லிவிட்டேன்.

அந்தப் பொய்க்கு எனக்குக் கிடைத்த தண்டனை உனக்குத் தெரியாது. நீ அடுத்த நாளே தெரு முழுக்கப் போய், “எங்க நைனாவுக்குக் கலவை போடத் தெரில, பூவு வுய்ந்துட்ச்சி” என்று சொல்லிவிட்டாய். ஒரு கொத்தனாருக்கு இதைவிடக் கெட்ட பேர் உண்டா? இரண்டு பேர் எனக்குக் கொடுத்த வேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பயந்து கொத்தினான் என்பதைவிடக் கலவை போடத் தெரியாதவன் என்பதே மேல் என்று இருந்துவிட்டேன். அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “அது அவரு பூவு. அவர்கிட்டயே குடுத்துட்டன்னு வெச்சிக்கோ. உனுக்குன்னு ஒண்ணு கீதா இல்லியா? அத்தப் போடேன்யா, எவன் வந்து கேக்கறான்னு பாக்கலாம்.”

எனக்கென்று என்ன இருக்கிறது என்று யோசித்தேன். நிலம் இல்லை, மாடு இல்லை, வீடே கவர்மெண்ட் கொடுத்தது. யோசிக்க யோசிக்கக் கோபம்தான் வந்தது. அப்புறம் ஒருநாள் காலையில் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அம்மா உனக்கு இரட்டை ஜடை பின்னிக்கொண்டிருந்தாள். தினமும் பார்க்கிறதுதான். அன்றைக்கு என்னவோ கண் அங்கேயே நின்றுவிட்டது. தலைமுடி மூன்று காலாகப் பிரிந்திருக்கிறது. ஓரத்துக் கால் நடுவில் ஏறுகிறது, அடுத்த ஓரம் அதன்மேல் ஏறுகிறது, எங்கேயும் தொடக்கம் தெரியவில்லை. “மெதுவாப் பின்னு, மறுபடியும் அவுத்துப் பின்னு” என்றேன். அன்றைக்கு உன் தலையை மூன்று முறை அவிழ்த்துப் பின்னினோம். நீ அழுதாய். பிரேயருக்கு நேரமாகி உன்னை வெளியே நிற்க வைத்தார்கள். அந்த வாரம் வாசல் தூண் இரண்டுக்கும் கனமாகக் கலவை ஏற்றி, ஈரக் கயிற்றைச் சுற்றிக் கோடு எடுத்து, அம்மாவின் சாப்பாட்டு ஸ்பூனால் கால் காலாக வழித்தெடுத்தேன். தூணுக்குக் கீழே நீ முட்டைக்கோஸ் என்றாயே, அது உன் ரிப்பன். மடித்துக் கட்டிய சிவப்பு ரிப்பன். சிவப்பு அடித்திருந்தேன், வெயிலில் வெளுத்துவிட்டது. யாருடைய ஜடை என்று உன்னிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லாமலேயே தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அப்பன்கள் எல்லோரும் செய்கிற முட்டாள்தனம் இது.

அதற்கப்புறம் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அம்மா சொல்லுவாள். எங்கே போனாலும் பார்த்துக்கொண்டே போனேன். நெல் அறுக்கிற மிஷின் சேற்றில் ஏறிப் போனால் பின்னால் ஒரு தடம் விடும் பார், அம்பு அம்பாக. அதுதான் நம் ஜன்னலுக்குக் கீழே ஓடுகிற பட்டை. கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட்டுக்காரன் சின்ன டிரம்மில் டகு டகு டண், டகு டகு டண் என்று அடித்துக்கொண்டு போனான். அவன் பின்னாலேயே மண்டபம் வரை நடந்தேன், சாப்பிடக்கூட இல்லை. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் சின்னக் கட்டம் இரண்டு, பெரிய கட்டம் ஒன்று என்று வரிசையாக இருக்கிறதே, அது அவன் அடித்த அடி. பூசி முடித்த அன்றைக்கு அம்மா கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். டிரம் சங்கதியை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. “இன்னாய்யா, செவுரு ஆடிக்கினு கீது?” என்றாள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எந்தக் கூலியிலும் வரவில்லை.

உத்திரமேரூர் கல்வெட்டைப் பார்க்க எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வருகிறார்கள். ஓட்டுப் போடுகிற முறையை அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கைடு பெருமையாகச் சொல்லுவார். சொந்த நிலம் உள்ளவன்தான் சபையில் நிற்கலாம் என்றும் அதில் இருக்கிறதாம். அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுவார். எனக்கு அந்தப் பழைய எழுத்தைப் படிக்கத் தெரியாது. அதனால் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் விட்ட இடத்தைப் பார்த்தேன். சுவர் முழுக்க எழுத்து, ஆனால் கண் திணறவில்லை. ஏன் என்று ஒரு மத்தியானம் முழுக்க நின்று பார்த்தேன். செதுக்கினவன் எல்லா வரிக்கும் ஒரே அளவு மூச்சு விட்டிருக்கிறான். நிலம் இல்லாதவன் பேர் அந்தக் கல்லில் இல்லாமல் போகலாம், கல்லைக் கொத்தியவன் கை அதில் இருக்கிறது. அதை யாராலும் அழிக்க முடியாது. நம் முகப்பில் கண்ணுக்கு ரெஸ்ட் இல்லை என்றாயே, அடுத்த முறை வரும்போது எதிர்த் தெருவில் நின்று பார். பூவேலைக்கு நடுவில் எவ்வளவு வெறும் சுவர் விட்டிருக்கிறேன் என்று பார்த்துவிட்டு அப்புறம் சொல்.

இதையெல்லாம் ஏன் எடுத்தேன் தெரியுமா? இவற்றுக்கெல்லாம் யாரிடமும் பட்டா இல்லை. சேற்றில் விழுந்த தடம் எவன் பேரிலும் இல்லை. டிரம் சத்தத்துக்கு வேலி கிடையாது. என் மகள் தலையைப் பின்னுவதைப் பார்க்க எவனிடமும் நான் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. ‘எங்க வூட்டுல கீறது உன் வூட்டுல இன்னாத்துக்கு’ என்று இனி ஒருத்தனும் காலனி முனையில் நின்று கேட்க முடியாதபடி செய்ய வேண்டும் என்ற ஒரே வைராக்கியம்தான். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வது எனக்குப் பொழுதுபோக்கு இல்லை பாப்பா. எனக்கு இருந்த ஒரே சொத்து அதுதான்.

எல்லாம் சரியாக வந்தது என்று பீற்றிக்கொள்ளவில்லை. சன்ஷேடுக்கு மேலே இருக்கிற மயில், மயிலே இல்லை. அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள்: “கோயி மாதிரி கீதுய்யா. அதையும் யாரோ தொரத்திக்கினு வர்ற மாதிரி கீது.” அவள் சொன்னது சரி. அந்த ஒன்றை மட்டும் மளிகைக்கடை காலண்டரைப் பார்த்துப் போட்டேன். புள்ளலூர்ப் பக்கம் வேலைக்குப் போகிற வழியில் வரப்பில் தினமும் நாலு மயில் நிற்கும். ஒருநாள் சைக்கிளை நிறுத்திப் பார்த்திருந்தால் இந்தக் கோழி வந்திருக்காது. மயிலைக் கொத்த வேண்டுமானால் கொத்திக்கொள், தடுக்க மாட்டேன். உன் மேனேஜர் கேட்கிற மாதிரி உனக்குப் புதுசாக எதுவும் தோன்றாததற்கும் இந்தக் கோழிக்கும் காரணம் ஒன்றுதான். யாரோ ஒருத்தர் பார்த்துவிட்டு வைத்ததை நாம் பார்த்தால், அவர் பார்த்ததில் பாதிதான் நமக்கு வரும்.

நாலு வருடத்துக்கு முன்னால் அந்த நிலக்காரரின் மகன் புது வீடு கட்டினார். அவர் காலனிக்குள்ளேயே வண்டி ஓட்டிக்கொண்டு வந்து நம் வாசலில் இறங்கினார். தூணைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதே மாதிரி ரெண்டு தூணு நமக்குப் போட்டுக் குடு, இன்னா கேக்கறியோ வாங்கிக்க” என்றார். “அது மட்டும் முடியாது சார். அது எம் பொண்ணு தல” என்றேன். அவருக்குப் புரியவில்லை. “உங்க வூட்டாண்ட ஒரு நாளு வந்து குந்திக்கினு பாக்கறேன். அங்க இன்னா கீதோ அத்த வெச்சிப் போட்டுத் தரேன்” என்றேன். போய் உட்கார்ந்தேன். அவர்கள் பம்புசெட்டுத் தொட்டியில் தண்ணீர் விழுந்து வட்டம் வட்டமாக விரிவதைப் பார்த்து வாசல் வளைவுக்குப் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்குக் காலனி முனையில் வண்டியை நிறுத்திய அந்தப் பெரியவர், இப்போது தள்ளாடிப் போய்விட்டார், நாற்காலியைப் போட்டு நான் வேலை செய்வதை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு வீறாப்பாக எழுதுகிறவன் உனக்கு என்ன செய்தேன் என்றும் எழுத வேண்டும். ஆறாம் வகுப்பில் உன்னைச் சேர்க்கப் போனபோது, அப்பா தொழில் என்ற இடத்தில் டீச்சர் என்னைக் கேட்காமலேயே ‘கூலி’ என்று எழுதினார். நீ என் பக்கத்தில்தான் நின்றாய். கொத்தனார் என்று எழுதுங்கள், முகப்பு வேலை செய்கிறவன் என்று எழுதுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. லீவு நாளில் நீ வேலை நடக்கிற இடத்துக்கு வந்து மணலில் வரைந்துகொண்டிருந்தால், ‘போய்ப் படி, சித்தாள் பொண்ணுன்னு சொல்லுவாங்க’ என்று விரட்டினேன். அம்மா காதில் விழ அதைச் சொன்னேன். என் வேலை கேவலம் என்று வேறு யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை, நான்தான் சொல்லித் தந்தேன்.

அதனால்தான் நிச்சயதார்த்தத்தன்று நடந்ததைப் பற்றி உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும்போது தூணைத் தடவிப் பார்த்து, “இது யார் பண்ணது?” என்று கேட்டார். நல்ல பையன், உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் சேர் போட்டுக்கொண்டிருந்தேன். நீ சட்டென்று, “யாரோ ஆள் வெச்சிப் பண்ணாங்க” என்றாய். எனக்குக் கேட்டது. உனக்கும் எனக்குக் கேட்டது தெரியும். அன்று முழுக்க நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வலித்தது பாப்பா, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் டீச்சர் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றவனின் மகள்தானே நீ, வேறு எப்படிச் சொல்லியிருப்பாய்? அந்தக் கணக்கு அன்றோடு தீர்ந்தது. முகப்பைக் கொத்தச் சொன்னதும் அந்தப் பதிலில் இருந்து வந்ததுதான் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இவ்வளவு பிடிவாதம். ஒருமுறை அடுத்தவருக்குப் பயந்து என் கையாலேயே கொத்திவிட்டேன். இரண்டாம் முறை சொந்த மகளின் வெட்கத்துக்காகக் கொத்தினால் அப்புறம் நான் கரண்டி பிடிப்பதில் அர்த்தமில்லை.

மாடிச் சுவர் உன்னுடையது. கல்யாணம் ஆனால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று உறவில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், மாடி உனக்குத்தான். செங்கல்லோடு நிற்கிறது, இன்னும் பூசவில்லை. அதில் நான் ஒரு கோடுகூடப் போட மாட்டேன். கீழே இருக்கிறதோடு பொருந்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அப்பனும் மகளும் ஒரே மாதிரியாகவா இருக்கிறோம்? வெறும் சாம்பல் சுவர்தான் வேண்டும் என்றால் அதையே வைத்துக்கொள். வெறும் சுவர் அழகில்லை என்று நான் எங்கே சொன்னேன்? ஆனால் எந்தச் சாம்பல் என்று கேட்பேன். வற்றிப்போன ஏரியில் காய்ந்த வண்டலா, மழை இறங்குவதற்கு முந்தின வானமா, அம்மா அடுப்பில் அள்ளுகிற சாம்பலா? அந்த நீள ஜன்னல் வழியாக என்ன தெரியப்போகிறது, காலையில் வெயில் எது வரை வரும், அங்கே நின்று ஒருநாளாவது பார்த்தாயா என்று கேட்பேன். பதில் இருந்தால் எவ்வளவு நேரம் ஆனாலும் சாரத்தில் நின்று பூசித் தருகிறேன். ‘போன்ல பாத்தேன்’ என்றால் கல்யாணத்தன்று மாடி செங்கல்லோடுதான் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை வா. அழுக்கானால் பரவாயில்லை என்கிற துணியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வா. ஆபீசில் ஒன்றும் தோன்றவில்லை என்று அங்கேயே உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொள்ளாதே. பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக இடம் பிடி, போனைப் பைக்குள் போடு, காஞ்சிபுரத்தில் இருந்து இங்கே வருகிறவரை வெளியே பார்த்துக்கொண்டு வா. ஒன்றும் கிடைக்காவிட்டால் திரும்பிப் போகும்போதும் பார்.

கல்யாணத்தன்று அவர்கள் எல்லோரும் நம் வாசலில் நின்று போட்டோ எடுக்கட்டும். ஜடை, தடம், டிரம் எல்லாம் பின்னால் தெரிகிற மாதிரி நிற்கச் சொல்லப்போகிறேன். யாராவது தூணைக் காட்டி இது யார் பண்ணது என்று கேட்டால் நீ சங்கடப்பட வேண்டாம், வாயே திறக்காதே. நான்தான் பண்ணினேன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன், தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி சொல்வேன். அண்ணாந்து மாடியைக் காட்டிக் கேட்டால் மட்டும் நீ பதில் சொல்.

நைனா